படையல் இலையில் என் பங்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்குள் பேனா மாதிரி ஒரு ஊசி. வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொண்டால் பசி அடங்கும், உடம்பு இளைக்கும் என்று திண்டிவனத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அது என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். "இன்னா பாக்கற?" என்று திட்டிவிட்டு மோரை எடுத்துக்கொண்டு கதவை டமால் என்று சாத்துவேன்.

ஊசிக்குப் பயப்படுகிற ஆள் நானில்லை. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஊசி விரலில் ஏறி எத்தனையோ முறை ரத்தம் பார்த்திருக்கிறேன். என் பயம் வேறு. பசி போய்விட்டால் அமாவாசை அன்று அவர் இலையை யார் சாப்பிடுவது?

அவர் என்றால் என் வீட்டுக்காரர். அரசு பஸ் டிரைவர். போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குது, கொஞ்சம் தண்ணி குடு என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. தண்ணீர்ச் சொம்போடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

செஞ்சியில் பஸ் ஓட்டுகிறவருக்கு அமாவாசை என்றால் மேல்மலையனூர்தான். அங்காளம்மனைப் பார்க்க எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனம் வந்து குவியும், ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். அமாவாசைக் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் அடுத்த நாள் விடிகாலையில்தான் மனுஷன் வீடு திரும்புவார். ஊரே அவரவர் வீட்டில் படையல் போட்டுச் சாப்பிடுகிற நாளில் என் வீட்டில் மட்டும் ஆம்பளை இருக்க மாட்டார். என் மாமனாருக்கு நான்தான் படையல் போடுவேன். அந்தப் படையல் இலையை வீட்டுக்குப் பெரியவரான தலைக்கட்டுதான் சாப்பிட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது, ஒரு பருக்கைகூட வீணாக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே இலைமேல் இன்னொரு இலையைப் போட்டு மூடி, கூடையைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

விடிகாலையில் கடைசி ஸ்பெஷல் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிக்கும். அது எனக்கான ஹாரன். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அவர் நடந்து வருவதற்குள் நான் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்து, சாம்பாரைச் சூடு பண்ணிவிடுவேன். கண்ணெல்லாம் சிவந்து, நெற்றியில் அம்மன் குங்குமத்தோடு வந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு உட்காருவார். வடை கல்லாகியிருக்கும். பாயசம் கெட்டியாகி, ஸ்பூனை நிறுத்தினால் நிற்கும். பாதி இலை சாப்பிட்டு அப்படியே என் பக்கம் தள்ளுவார்.

"இந்தா, உன் பங்கு."

"யோவ், இலையில மிச்சம் வெக்கக் கூடாது, தெரியாதா?"

"மிச்சமா இது? உன்னுதுமே."

நாலு பேர் முன்னால் ‘ஏங்க, வாங்க’ என்பேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் ‘யோவ்’தான். அவருக்கு நான் எப்போதும் ‘இன்னாமே’.

நான் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றாலும் போன் வரும். ஹலோ எல்லாம் கிடையாது. "இன்னாமே, சாப்டியா?" அவ்வளவுதான், அதற்குள் டைம் கீப்பர் விசில் அடித்துவிடுவார். அவர் ஒல்லி, நான் குண்டு. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். உறவுக்காரர்கள் யாராவது வந்து மலையைப் பார்க்க மாடி ஏறினால் போதும், ஆரம்பித்துவிடுவார்: "செஞ்சியில மூணு மலைன்னு தப்பா எழுதி வெச்சிருக்கானுங்க. நாலாவது மலை கீழ சமையக்கட்டுல இருக்குது." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்டியோடு மாடிப்படிக்கு வந்து திட்டுவேன். அவர் சிரிப்பார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு சுற்று பெருத்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

உயிரோடு இருந்தவரை ஒரு அமாவாசைக்கும் வீட்டில் சாப்பிடாத மனுஷன், செத்தபிறகு ஒரு அமாவாசைகூடத் தவறுவதில்லை. போட்டோவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மாங்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், உளுந்து வடை, சேமியா பாயசம் என்று அவருக்குப் பிடித்ததை எல்லாம் ஆக்கி இலை நிறையப் போடுகிறேன். சூடம் காட்டி முடித்ததும் அந்த இலை முன்னால் நான் உட்காருகிறேன். வீட்டில் இப்போது தலைக்கட்டு நான்தானே. அவர் இருந்தவரை பாதி இலை எனக்கு. போனபிறகு முழு இலையும் எனக்கு. தொண்டை வரை நிறைந்தாலும் விடமாட்டேன். கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அமாவாசை மாதம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பழக்கம் மற்ற நாட்களுக்கும் வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஆக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கு ஆக்கி இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன். என் ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதை நிறுத்திவிட்டேன். பழைய ஜாக்கெட்டைத் துணிமேல் போட்டு, சுற்றிலும் ஒரு விரல் கூட விட்டு வெட்டுவேன். அடுத்த தடவை இன்னொரு விரல்.

மூட்டு முதலில் முனகியது, அப்புறம் சத்தமாகவே அழுதது. அதையும் சமாளித்திருப்பேன். சித்திரை அமாவாசைக்கு மறுநாள் மலையனூருக்குப் போய் ஒரு வேண்டுதலை முடிக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வலது காலைப் படியில் வைத்தேன். உடம்பு மேலே வரவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. கண்டக்டர் அவரோடு வேலை பார்த்த பையன். "அண்ணி, கைய குடுங்க" என்று இழுக்கிறான், பின்னால் இரண்டு பொம்பளைகள் என் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார்கள். சைடு கம்பி என் கையில் வழுக்குகிறது. "நான் அடுத்த பஸ்ல வரேம்பா" என்று சொல்லி இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கும் அதே படிதானே. ஒரு பஸ் டிரைவர் பொண்டாட்டியால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. வீட்டுக்கு வந்து அவர் போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டு அழுதேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள்தான் பிடிவாதமாகத் திண்டிவனத்துக்குக் கார் வைத்து அழைத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நல்ல மாதிரி, கறார் ஆசாமி. ரத்தம் எடுக்கச் சொன்னார், எடை பார்த்தார், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் கேன்சர் வந்ததுண்டா, கணையத்தில் கோளாறு வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் பார்த்துவிட்டு, முட்டி ஆபரேஷன் என்றாலும் எடை இறங்கினால்தான், அதற்கு இந்த ஊசி உதவும் என்றார்.

"குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம்மா. மெதுவா ஏத்திக்கலாம். குமட்டல் வரலாம், பயப்படாதீங்க. பசி குறையும், சாப்பாட்டு நெனப்பே குறையும். வயிறு போதும்னு சொன்னா அத்தோட எழுந்துடணும். தட்டுல மிச்சம் வெக்கப் பழகிக்குங்க."

"டாக்டர், போன பசி திரும்ப எப்ப வரும்?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் எடை எப்ப குறையும்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் இதைக் கேக்கறீங்க."

என்ன சொல்வது? டாக்டரம்மா, எனக்கு மாதம் ஒரு இலை இருக்கிறது, அதை முடிக்க வேண்டும் என்று சொன்னால் மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். சும்மா கேட்டேன் என்றேன். மகள் முறைத்தாள்.

மருந்தை ஐஸ் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றே போட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் இருக்கிற என் நாத்தனார், அவர் தங்கை, விடவில்லை. "புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறதுன்னா அமாவாசையில ஆரம்பிக்கணும் அண்ணி. தேய்பிறையில போட்டா மருந்தும் தேஞ்சிடும்" என்றாள். உடம்பு தேயத்தானேடி போடுவது என்று கேட்க வாய் வந்தது. ஆனால் எனக்கும் அமாவாசை வரை தள்ளிப்போவது வசதியாகத்தான் இருந்தது. மகள் சென்னைக்குக் கிளம்பும்போது, "அம்மா, ஊசி போடறதுக்குள்ள ஊர்ல இருக்கிறத எல்லாம் தின்னு தீத்துடாத" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அதைத்தான் செய்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வேகவைத்த மல்லாட்டையை வாங்கி மடியில் கொட்டிக்கொண்டு உரித்தேன். அவர் வல்லம் ரூட்டில் ஓட்டும்போது யாராவது விவசாயி காட்டிலிருந்து பிடுங்கிய செடியோடு கொடுப்பார்கள். அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வருவார் மனுஷன். நுங்கு வாங்கினேன். அவர் விரலால் நோண்டி, தண்ணீரை முதலில் என் வாயில்தான் சாய்ப்பார். பஸ் ஸ்டாண்டு பரோட்டாவைப் பார்சல் வாங்கிவந்து சால்னா ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட்டேன். எதைத் தின்றாலும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். பசி என்கிற இந்த ஒன்று இருப்பதால்தான் அவரும் வந்து உட்காருகிறார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதையும் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டால்? பகல் பதினோரு மணிக்கு மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசம் வரும். வயிறு கூப்பிடும். அந்தக் கூப்பாடும் போய்விட்டால் இந்த வீட்டில் என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

நாத்தனாரிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"இதுக்குப் போயா டென்ஷன்? உங்களால முடியலன்னா நான் சாப்டுறேன் அண்ணன் இலைய. கூடப் பொறந்தவ சாப்பிடலாம், தப்பில்ல."

"ஒண்ணும் வேணாம். அது என் இல."

"அட, கொஞ்சூண்டு தரமாட்டீங்களா?"

"ஒரு வத்தல்கூடத் தரமாட்டேன் போடி."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

வைகாசி அமாவாசை வந்தது. அன்று எழுந்ததிலிருந்தே எனக்கு எரிச்சல். இது கடைசி முழு இலை, இதை ஒரு பருக்கை விடாமல் முடிப்பது, அப்புறம் ஊசி போடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன். பச்சைத் தண்ணீரோடு இருந்து எல்லாம் ஆக்கினேன். வெயிலோ மண்டையைப் பிளந்தது. மாடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைத்து, "கா கா" என்று கத்தித் திரும்புவதற்குள் கோட்டைப் பக்கமிருந்து ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து வடையை எடுத்துக்கொண்டுவிட்டது.

"அய்யோ, அண்ணனே வந்துட்டாரு பாருங்க!" என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்கண்ணன் கொரங்குதான், எனக்கு எப்பவோ தெரியும்."

ஒருவழியாகக் காக்காயும் வந்து தொட்டது. கீழே இறங்கிவந்தால், போட்டோ முன்னால் இலைக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பெட்டி! நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், மேலே ஒரு செம்பருத்திப் பூ. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏண்டி, உனக்குப் புத்தி இருக்குதா? கூலிங்ல இருக்கணும்னு டாக்டர் படிச்சிப் படிச்சி சொல்லி அனுப்புனாங்க!"

"புதுச் சாமான் எது வாங்குனாலும் அண்ணன் முன்னாடி வெக்காம தொட்டிருக்கீங்களா? மெஷினுக்கு மோட்டார் வாங்குனப்ப வெச்சீங்க, ஃப்ரிட்ஜையே தூக்கியாந்து வெச்சீங்க. இது உங்க உடம்புல போற மருந்து. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

அவசரமாக மகளுக்கு வீடியோ கால் போட்டேன். பெட்டியின் கோலத்தைப் பார்த்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்த, அது மருந்து, மாடு இல்ல, பொங்கலுக்குப் பொட்டு வெக்க!" அப்புறம் மருந்துக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். கொஞ்ச நேரம் வெளியில் இருந்தால் ஒன்றும் ஆகாது, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். "நைனாவுக்குக் காட்டியாச்சில்ல, சீக்கிரம் எடுத்து உள்ள வெய்ம்மா" என்றாள். அந்த ‘நைனா’வைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தேன். பசியென்றால் அப்படி ஒரு பசி. சாம்பாரில் மாங்காய் நன்றாகக் குழைந்திருந்தது. பிசைந்து முதல் கவளம் வைத்தேன். வறுவல், அப்பளம், வடை. அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். பாதி இலை காலியானபோது வயிறு போதும் என்றது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொன்னது. எப்போதும்தான் சொல்கிறது, நான் கேட்டதில்லை. அடுத்த கவளத்தை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. இலையைப் பார்த்தேன். என் பக்கம் காலி, அந்தப் பக்கம் சோறு, ஒரு வடை, பாயசம். அவர் சாப்பிட்டு என் பக்கம் தள்ளுகிற இலை இப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷமாக அவர் இலையை நானே முழுசாகத் தின்றுகொண்டிருக்கிறேன். அவருக்கு என்று நான் எதையும் மிச்சம் வைக்கவே இல்லை.

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். இலையை இரண்டு கையாலும் பிடித்து போட்டோ பக்கம் தள்ளினேன்.

"இந்தா, உன் பங்கு" என்றேன்.

"அண்ணி, படையல் இலையில மிச்சம் வெக்கக் கூடாது" என்றாள் நாத்தனார்.

"மிச்சம் இல்லடி. உங்கண்ணனுது."

அவள் என்னைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். கொல்லைப் பக்கம் போய் இன்னொரு வாழையிலையை அறுத்துக் கழுவிக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு மூடினாள். பரணிலிருந்து பழைய கூடையை எடுத்துத் தட்டிக் கவிழ்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் ராகு காலமெல்லாம் பார்த்து ஊசியைப் போட்டுக்கொண்டேன். மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மஞ்சள் வாசம் அடிக்கிற பெட்டியிலிருந்து பேனாவை எடுத்து, வயிற்றைத் துடைத்து, அழுத்தி, அவள் சொல்கிற வரை பிடித்துக்கொண்டேன். எறும்புக் கடி அளவுக்குக்கூட இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றிருந்தது. நாலாவது மலையைக் கொஞ்சம் கரைக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே, படி ஏறணும்யா எனக்கு என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னேன்.

விடிகாலையில் கடைசி ஸ்பெஷல் பஸ் போகும்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. வேறு யாரோ டிரைவர், வேறு யாருக்கோ, இல்லை குறுக்கே போன நாய்க்கோ அடித்திருப்பார். தூக்கத்திலேயே எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். திறந்தபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. சாத்த மனசில்லை, அப்படியே நின்றேன். வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்த நாத்தனார் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, யாரு வராங்க?" என்றாள். நான் தெருமுனையையே பார்த்தேன். அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும், வாளியை வைத்துவிட்டு அவளும் தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

கதவைத் திறந்தே வைத்துவிட்டு உள்ளே வந்து கூடையை எடுத்தேன். பாதி இலை, வைத்தது வைத்தபடி இருந்தது. வடை கல்லாகியிருந்தது. எதிரில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எத்தனையோ பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் என்னைக் கேட்டதை முதல் தடவையாக நான் அவரைக் கேட்டேன்.

"யோவ், சாப்டியா?"